காவேரிப்பாக்கத்துத் தண்ணீரும் எண்ணூர்ச் சாம்பலும்

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணித் தலைவர் அவர்களே, இரு அணி நண்பர்களே, மாலை ஏழு மணிக்கும் சுவரில் சூடு இறங்காத இந்த வேலூரில் கையில் விசிறியோடு வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

“நிலக்கரி மின்சாரம் நமக்குக் கொடுத்தது அதிகமா, நம்மிடமிருந்து எடுத்தது அதிகமா?” என்பது இன்றைய தலைப்பு. எடுத்ததே அதிகம் என்னும் அணியில் இரண்டாவதாகப் பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் ஐயா தம் உரையில் மூன்று செய்திகளை வைத்தார். 2012ஆம் ஆண்டு நாம் பட்ட மின்வெட்டை நினைவூட்டி, அந்த இருட்டிலிருந்து நம்மை மீட்டது நிலக்கரிதான் என்றார். அனல் மின் நிலையக் கருவிகள் செய்யும் ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையை நம்பி வாழும் குடும்பங்களின் உலையில் கொதிப்பது அனல் மின் நிலையங்கள் போட்ட அரிசி என்றார். ஏழைக்குக் கட்டுப்படியாகும் மின்சாரம் இது ஒன்றுதான் என்று முடித்தார். அவருக்குப் பின் வந்த தம்பி, “சூரியன் ஆறு மணிக்குக் கடையைக் கட்டிவிடும், நம் வீட்டுப் பிள்ளைகள் ஆறு மணிக்கு மேல்தான் புத்தகத்தைத் திறக்கிறார்கள்” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன், நல்ல வரி அது. எல்லாவற்றுக்கும் வருகிறேன், நடுவர் அவர்களே. ஆனால் அவர்கள் தொடங்கிய இடத்திலிருந்து தொடங்காமல் நான் பிறந்த ஊரிலிருந்து தொடங்க அனுமதி வேண்டுகிறேன்.

காவேரிப்பாக்கம் ஏரியை நம்பி நடவு நடும் ஊர்களில் ஒன்றில் பிறந்தவள் நான். பாலாற்றில் தண்ணீர் வந்தால் வாலாஜா அருகே உள்ள அணைக்கட்டில் திரும்பிக் கால்வாய் வழியே எங்கள் ஏரிக்கு வரும். ஏரி நிரம்பிக் கோடி போனால் அந்த உபரி நீர் கொசஸ்தலையாற்றில் சேர்ந்து பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகும். பூண்டியும் தாங்காமல் திறந்துவிட்டால் எண்ணூர் முகத்துவாரத்தில் கடலில் கலக்கும். (வழியில் நகரி ஆறும் வந்து சேர்கிறது என்று முன்வரிசையில் இருக்கும் புவியியல் ஆசிரியர் திருத்தக்கூடும், ஏற்றுக்கொள்கிறேன்.) நீரில்லாத ஆறு, சாமியில்லாத கோயில், அரசனில்லாத கோட்டை என்று நம் ஊரைக் கேலி பேசுவார்கள். சாமி 1981இல் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். ஆறு எப்போதாவதுதான் வருகிறது. 2021 நவம்பரில் அது இரு கரையும் தொட்டு வந்தபோது, எங்கள் அப்பா கடைவாசலில் குடை பிடித்து நின்றுகொண்டு, “நம்ம தண்ணி பட்டணத்துக்குப் போவுது பாரு” என்று, ஏதோ பெண்ணை வாழ அனுப்புகிறவர் போலச் சொன்னார்.

அந்தத் தண்ணீர் போய்ச் சேர்ந்த வீட்டை நான் பிறகு பார்த்தேன். திருவொற்றியூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர் கணவர் எங்களை எண்ணூர்ப் பக்கம் அழைத்துப் போனார். அந்த ஆற்றங்கரையில்தான் வட சென்னை அனல் மின் நிலையமும் வல்லூர் அனல் மின் நிலையமும் நிற்கின்றன. இரண்டையும் சேர்த்தால் 3,330 மெகாவாட்டுக்குக் குறையாது. எரித்த கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, கிலோமீட்டர் கணக்கில் நீளும் குழாய்கள் வழியாகச் சாம்பல் குளத்துக்குத் தள்ளுவது அங்குள்ள வழக்கம். குழாய் ஓட்டையானால் அந்தக் குழம்பு வழியில் இருக்கும் ஓடைக்கும் உப்பங்கழிக்கும் போகும். நாங்கள் நின்ற இடத்தில், எந்த நிலையத்துக் குழாயோ தெரியாது, இணைப்பிலிருந்து அப்படித்தான் ஒழுகிக்கொண்டிருந்தது. சிமெண்டுப் பால் என்று கொத்தனார்கள் சொல்வார்களே, அதே நிறம், அதே வழவழப்பு. ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் இருளர் பெண்கள் இருவர் பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரு கைகளாலும் சேற்றைத் தடவி இறால் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கரையேறி வந்து பறியை எங்களிடம் சாய்த்துக் காட்டினார். உள்ளே ஒரு கைப்பிடி கூட இல்லை. “சேறு இருந்தா எறா இருக்கும்மா, இது சேறில்லையே, சாம்பலு, கைக்கு எதுவும் தட்டுறதில்லை” என்றார். அவர் காலைப் பார்த்தேன். முழங்கால் வரை வெளுத்து, காய்ந்த இடமெல்லாம் தோல் வெடித்திருந்தது. எங்கள் கழனியில் நடவு முடித்து ஏறும் பெண்களின் கால் கறுப்பாக இருக்கும், ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினால் போய்விடும்.

எதிரணித் தலைவர் சொன்ன ‘மலிவு’ என்ற சொல்லை இப்போது எடுத்துக்கொள்கிறேன். என் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 400 யூனிட் செலவாகிறது. ஒரு யூனிட் மின்சாரம் செய்ய நம் நாட்டு நிலக்கரி ஏறத்தாழ 700 கிராம் வேண்டும். அப்படியானால் என் வீட்டுக்காக எரிவது 280 கிலோ, அதாவது நாலு நெல் மூட்டைக்குச் சற்றுக் குறைவு. நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல் இருக்கும் என்பதால், எரிந்தபின் ஒரு மூட்டைக்கும் மேல் சாம்பல் மிஞ்சுகிறது. கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயு யூனிட்டுக்கு ஒரு கிலோ வீதம் தனி. இதையெல்லாம் நான் பார்த்ததே இல்லை. மீட்டர் பார்க்க வருபவர் அட்டையில் எண்ணை எழுதிவிட்டுப் போகிறார், நான் பணம் கட்டுகிறேன். ஒரு பேச்சுக்கு, அவர் வரும்போதெல்லாம் அந்த ஒன்றேகால் மூட்டைச் சாம்பலையும் என் வீட்டுத் திண்ணையில் இறக்கிவைத்து, “இது உங்களுடையது, அடுத்த முறை வரும்போது இன்னொன்று கொண்டுவருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனால், ஆறாவது முறை நம்மில் யாராவது அதை மலிவு மின்சாரம் என்று சொல்வோமா? சாம்பல் எண்ணூரிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் யாரோ ஒருவர் திண்ணையில் இறங்குவதால்தான் நம் ரசீதில் அது வரவில்லை. நிலக்கரி மலிவாக இருப்பது போலத் தோன்றுவதற்குக் காரணம், பயன்படுத்துகிறவன் ஒருவன், விலை கொடுக்கிறவன் வேறு ஒருவன் என்பதுதான். என் வாதம் முழுவதும் இந்த ஒரு வரிதான், நடுவர் அவர்களே. மற்றவை அதற்குச் சான்றுகள்.

சாம்பலில் செங்கல் செய்கிறார்களே என்பார்கள். செய்கிறார்கள். நம் பக்கத்திலும் பிளை ஆஷ் கல்லில் வீடு கட்டியவர்கள் பலர் உண்டு, என் தம்பி வீடே அதில் கட்டியதுதான். உலர்ந்த சாம்பலை எடுத்துச் சிமெண்டுக்கும் கல்லுக்கும் பயன்படுத்துவது நல்ல வேலை, அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அது எடுத்துப் போகும் சாம்பல். குளத்தில் பல்லாண்டாகப் படிந்துகிடப்பதும், ஆற்றின் அடியில் படர்ந்துவிட்டதும் யாரும் வந்து எடுத்துப் போகாத சாம்பல். இறால் தேடும் பெண்ணின் கையில் தட்டுப்படுவது இந்த இரண்டாவது வகை.

வேறு எந்த மாவட்டத்து மேடையிலாவது இதைச் சொன்னால் விளக்கம் கேட்பார்கள், வட ஆற்காட்டில் சொல்ல வேண்டியதில்லை. நாம் இந்தக் கணக்கைத் தோலில் படித்தவர்கள். ஆம்பூரும் வாணியம்பாடியும் ராணிப்பேட்டையும் தோல் பதனிட்டு அந்நியச் செலாவணி ஈட்டின. நாட்டுக்கு டாலர் வந்தது, நம் கிணற்றுக்கு உப்பு வந்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, வேலூர் என்ற பெயரோடுதான் நாடெங்கும் சட்டக் கல்லூரிகளில் இன்றும் படிக்கப்படுகிறது. மாசு செய்தவனே அதன் செலவை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு இந்நாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அந்தத் தீர்ப்பு அறிவித்தது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனது என்ற கணக்கும் அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அதற்கு 28 ஆண்டுகள் கழித்து, 2025 ஜனவரியில், அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மீண்டும் இழப்பீட்டைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. சம்பாத்தியம் எப்போதோ செலவாகிப் போயிற்று, கடன் மட்டும் இன்னும் அடையவில்லை. ராணிப்பேட்டையில் மூடிய ஆலையின் வளாகத்தில் குவிந்துகிடந்த குரோமியக் கழிவைக் கேள்விப்படாதவர் இந்தக் கூட்டத்தில் இருக்க மாட்டார்கள். இலாபம் பார்த்தவர்கள் போய்விட்டார்கள், மேடு அங்கேயே நின்றது. நிலக்கரியைப் பார்க்கும்போது எனக்கு இந்தப் பழைய கணக்குப் புத்தகம்தான் நினைவுக்கு வருகிறது. கையெழுத்து மாறியிருக்கிறது, கணக்கு அதேதான்.

இனி பெல் தொழிற்சாலை. எதிரணித் தலைவர் அதைக் கையில் எடுத்ததற்கு அவருக்கு நன்றி, ஏனென்றால் அது என் அணிக்குச் சாட்சி சொல்ல வேண்டிய தொழிற்சாலை. அங்கே செய்யப்படும் பெரிய கருவிகளில் ஒன்று, புகையிலிருந்து சாம்பல் தூளைப் பிடிக்கும் மின்னிலை வடிகட்டி. உயரமான இரும்புத் தகடுகளுக்கு நடுவே புகையை விட்டு, மின்னழுத்தத்தால் தூளைத் தகட்டில் ஒட்டவைத்து, சுத்தியால் தட்டிக் கீழே உதிர்க்கும் கருவி. நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்குக்கு மேல் பிடித்துவிடும். நம் வட்டாரத்துப் பிட்டர்களும் வெல்டர்களும் செய்த அந்தக் கருவி இல்லாவிட்டால் இந்நாட்டின் அனல் மின் நிலையங்களைச் சுற்றி ஒருவரும் குடியிருக்க முடியாது. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனால் கந்தக டை ஆக்சைடு வாயு தகட்டில் ஒட்டாது. அதைப் பிடிக்கச் சுண்ணாம்புக்கல் கரைசலில் புகையைக் குளிப்பாட்டும் இன்னொரு கருவி வேண்டும். பிடிக்காமல் விட்டால் அது காற்றில் போய் நுண்துகளாக மாறி, நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர் நுரையீரலுக்குள்ளும் போகும்.

அந்தக் கருவியை வைக்கச் சொல்லி மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2015 டிசம்பரில் ஆணை வெளியிட்டது, இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. 2017 முடிந்தது, கெடு 2022க்குப் போனது. அங்கிருந்து இன்னும் தள்ளித் தள்ளிப் போனது. கடைசியில் 2025 ஜூலையில், நாட்டின் நிலக்கரி மின் நிலையங்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 78 நிலையங்களுக்கு அந்தக் கருவியே வேண்டாம் என்று விலக்கு அளித்துவிட்டார்கள். பரீட்சைக்குப் படிக்காத பையனுக்காகப் பரீட்சையைத் தள்ளிவைத்துக்கொண்டே வந்து, பத்தாம் ஆண்டு அந்தப் பாடத்தையே நீக்கிவிட்ட பள்ளிக்கூடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. நம் நாட்டுக் கரியில் கந்தகம் குறைவு, கருவியின் செலவு கட்டணத்தில் ஏறும் என்று அதற்குக் காரணம் சொன்னார்கள். அந்தச் செலவைக் கட்டணத்தில் ஏற்றினால்தான் மின்சாரத்தின் உண்மை விலை தெரியும் என்பதுதான் ஐயா என் வழக்கு. கருவி வைக்காததால் அந்தச் செலவு காணாமல் போய்விடவில்லை, மருத்துவமனைச் சீட்டில் ஏறிக்கொண்டது. இத்தொழில் வாழ வேண்டும் என்று மனதார நினைப்பவர், இத்தகைய கருவிகளைச் செய்யச் சொல்லி ராணிப்பேட்டை போன்ற ஊர்களுக்கு அல்லவா வேலை வாங்கித் தர வேண்டும்?

சுற்றுச்சூழலோடு நிறுத்திக்கொண்டால் பாதி வழக்கைத்தான் சொன்னதாகும். நிலக்கரி நம்மிடமிருந்து எடுத்ததில் அரசியல் உரிமையும் சேர்த்தி. காற்றும் வெயிலும் எல்லா ஊரிலும் இருப்பவை. நிலக்கரி சில ஊர்களின் அடியில் மட்டும் இருக்கிறது. அதனால் அந்த ஊரைக் காலி செய்யும் அதிகாரமும், தோண்டும் உரிமையை வழங்கும் அதிகாரமும், கொண்டுவரும் ரயிலை ஒதுக்கும் அதிகாரமும் யாரோ சிலர் கையில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

முதலில் ஊரைக் காலி செய்யும் அதிகாரம். நிலக்கரி இருக்கும் நிலத்தை எடுப்பதற்கு 1957ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் போட்டார்கள். 2013இல் நிலம் எடுப்புக்குப் புதிய சட்டம் வந்து, நில உடைமையாளரின் ஒப்புதல், சமூகத் தாக்க மதிப்பீடு என்றெல்லாம் பேசியபோதும், இந்தச் சட்டம் அந்தப் பாதுகாப்புகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டது. நெய்வேலியைப் பாருங்கள். 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்தபோது நிலம் கொடுத்த ஊர்கள், நாட்டுக்கு வெளிச்சம் தருகிறோம் என்று நம்பித்தான் கொடுத்தன. 2023 ஜூலையில் அதே கடலூர் மாவட்டத்து வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் பிடிக்கும் பருவத்தில் இருந்த நெல்லின் மேல் மண் அள்ளும் இயந்திரங்கள் ஏறின. நிலம் எப்போதோ கையகப்படுத்தப்பட்டது என்று நிறுவனம் சொன்னது, சட்டப்படி அது சரியாகவும் இருக்கலாம். ஆனாலும் வழக்கை விசாரித்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியே மனம் நொந்து பேசினார், பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கொடுக்கச் சொன்னார். இங்கே கழனி வைத்திருப்பவர்கள் எத்தனை பேர்? பால் பிடித்த கதிரை யாராவது மிதித்தால் சொந்த அண்ணன் தம்பியே வெட்டிக்கொள்வார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு மாதம் பொறுத்திருந்தால் அறுத்து முடிந்திருக்கும். சுரங்கத்துக்கு அந்த இரண்டு மாதம் இல்லை.

அதே ஆண்டு மார்ச் இறுதியில்தான் டெல்டாவிலும் அதன் ஓரத்திலும் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பகுதிகள் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் வந்தன. டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று 2020இல் சட்டமன்றம் சட்டம் போட்டிருந்தும், மாநில அரசைக் கேட்காமலேயே பட்டியல் வந்துவிட்டது. எதிர்ப்பு எழுந்தபின் சில நாள்களில் நீக்கினார்கள். நீக்கினார்களே என்று எதிரணி மகிழலாம். எனக்குத் தோன்றுவது வேறு: நெல் விளையும் மண்ணைக் காப்பாற்ற ஒரு மாநிலமே எழுந்து நின்று சத்தம் போட வேண்டியிருந்தது. சத்தீஸ்கரின் ஹஸ்தேவ் காட்டுப் பழங்குடி மக்கள் நிலக்கரிச் சுரங்கத்தை எதிர்த்து 2021இல் 300 கிலோமீட்டர் நடந்தே ராய்ப்பூர் போனார்கள். அவர்களுக்கு அவ்வளவு பெரிய சத்தம் வாய்க்கவில்லை.

அடுத்து, தோண்டும் உரிமை. கேட்டவருக்கெல்லாம் ஏலமில்லாமல் சுரங்கம் ஒதுக்கியதால் 1.86 லட்சம் கோடி ரூபாய் அளவுக்குத் தனியாருக்கு ஆதாயம் போயிருக்கலாம் என்று 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் சொன்னதும், 1993 முதல் தரப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட ஒதுக்கீடுகளை 2014 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்ததும் உங்களுக்குத் தெரியும். அதைக் காட்டிலும் எனக்குச் சுவையானது, கரியின் தரத்தில் நடக்கும் விளையாட்டு. அரிசியில் கல் இருந்தால் புடைக்கும்போதே நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்துவிடும். நிலக்கரியின் தரம் கலோரி கணக்கில் இருக்கிறது, ஆய்வுக்கூடச் சீட்டைத்தான் நம்ப வேண்டும். தமிழ்நாட்டு மின்வாரியம் 2012 முதல் 2016 வரை வாங்கிய இறக்குமதிக் கரியில், தாழ்ந்த தரத்துக்கு உயர்ந்த தரத்தின் விலை போடப்பட்டது என்ற புகார் லஞ்ச ஒழிப்புத் துறை வரை போயிருக்கிறது. சம்பந்தப்பட்டவர்கள் மறுக்கிறார்கள், தீர்ப்புச் சொல்ல நான் நீதிமன்றம் அல்ல. ஆனால் இத்தகைய புகார் காற்றின் மீது எழ முடியுமா? ஆடிக்காற்றுக்கு யார் பில் போடுவது?

மூன்றாவது ரயில். காட்பாடி நிலையத்தில் நின்றால் தெரியும். நாம் பிருந்தாவனுக்குக் காத்திருக்க, கறுப்பு மலை ஏற்றிய ஐம்பது அறுபது பெட்டிகள் சில வேளைகளில் நடைமேடை அதிரக் கடந்து போகும், தாவணி முனையால் மூக்கைப் பொத்திக்கொள்வோம். மேட்டூரில் உள்ள 1,440 மெகாவாட்டும் முழுமூச்சாக ஓடினால் அப்படி ஆறு ரயில் ஒரு நாள் உணவு. ஒடிசாவின் தால்ச்சேரில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூரில் இறக்கி வருகிற இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணி அறுந்தால் நம் வீட்டில் விளக்கு அணையும். 2022 ஏப்ரலில் அறுந்தது. தமிழ்நாட்டுக்கு ஒரு நாளைக்கு 72,000 டன் தேவை, 50,000 டன்தான் வருகிறது என்று முதலமைச்சர் பிரதமருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கரி ரயிலுக்கு வழிவிட, நாட்டில் 600க்கும் மேற்பட்ட பயணி ரயில் நடைகளை ரத்து செய்தார்கள். அடுத்த மாதமே வெளிநாட்டுக் கரியைக் கட்டாயம் கலக்க வேண்டும் என்று மத்தியிலிருந்து உத்தரவு வந்தது, விலையோ உக்ரைன் போரால் உச்சத்தில் இருந்தது. எந்தக் கரி, எந்த ரயில், என்ன கலவை என்று ஒன்றையும் முடிவு செய்யும் இடத்தில் இல்லாத மாநிலம், கட்டணத்தை உயர்த்தும்போது வசவை மட்டும் வாங்கிக்கொள்கிறது. இதைத்தான் அரசியல் விலை என்கிறேன்.

இப்போது 2012. அந்த வெட்டை நான் மறக்கவில்லை ஐயா. பகலில் பாதி, இரவில் பாதி என்று போன கரண்டால், கைக்குழந்தைக்கு விடிய விடிய அட்டையால் விசிறிய கை இது. ஆனால் அன்று ஏன் இருண்டோம்? வட சென்னையிலும் மேட்டூரிலும் வல்லூரிலும் வரவேண்டிய புதிய நிலக்கரி அலகுகள் சொன்ன நேரத்தில் வந்துசேராதது அதற்கு ஒரு பெரிய காரணம். தென்கோடியில் முப்பந்தல் காற்றாலைகள் சுழன்றும், அந்த மின்சாரத்தை ஊருக்குள் கொண்டுவரும் கம்பிகள் போதாதது இன்னொரு காரணம். கரி அலகு வரும் வரும் என்று வாசலைப் பார்த்தபடி, கொல்லையில் நின்ற காற்றைக் கவனிக்காமல் விட்டோம். பசியில் கிடந்தவனுக்குக் கடைசியில் சோறு போட்டவரைப் புகழ்வது நியாயம்தான். பந்தி போடுகிறேன் என்று சொல்லி மூன்று ஆண்டு காக்க வைத்தவரும் அவரே என்பதையும் எதிரணித் தலைவர் சொல்லியிருக்கலாம்.

அதன்பின் செய்த காரியம் இன்னும் விசித்திரம். கல்யாண மண்டபத்துச் சமையலுக்கு ஆள் பேசுவது போல, ஆனால் பதினைந்து ஆண்டு, இருபத்தைந்து ஆண்டு என்று ஒப்பந்தம் போட்டார்கள். சாப்பிட்டால் சாப்பாட்டுக்குக் காசு, சாப்பிடாவிட்டாலும் அடுப்பு வாடகைக்குக் காசு. இதற்கு நிலைக் கட்டணம் என்று பெயர். இப்படிக் கட்டிக்கொண்டபின், ஆடி மாதத்தில் காற்று வெள்ளமாக வரும்போது, எரிகிற கரி அடுப்பைத் தணிக்க மனமில்லாமல் காற்றாலையை நிறுத்தச் சொன்னதும் இம்மாநிலத்தில் நடந்திருக்கிறது.

தம்பி, இப்போது உங்கள் ஆறு மணிக்கு வருகிறேன். சூரியன் மறைவது உண்மை. அதற்காகவே மின்சாரத்தைத் தேக்கும் வழிகள் உண்டு. மின்சாரம் மிஞ்சும் நேரத்தில் கீழ் அணையிலிருந்து மேல் அணைக்குத் தண்ணீரை ஏற்றிவைத்து, தேவைப்படும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுக்கும் 400 மெகாவாட் நிலையம், நம் கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் நீங்கள் பிறப்பதற்கு முன்பிருந்தே இருக்கிறது. மின்கலங்களின் விலை ஆண்டுக்கு ஆண்டு இறங்குகிறது. கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் 2016லேயே வந்துவிட்டது. காற்றாலையில் மட்டும் 10,000 மெகாவாட்டைத் தாண்டிய மாநிலம் இது. வேலூர்க்காரர்களாகிய நாம் வெயிலைத் திட்டுவதற்கு மட்டும் வைத்திருக்கிறோம். மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் பலகை வைத்தால் 78,000 ரூபாய் மத்திய அரசே மானியம் தருகிறது. என் வீட்டில் வைத்திருக்கிறேன். பகலில் மோட்டாரும் மிக்சியும் துணி துவைக்கும் இயந்திரமும் அதில்தான் ஓடுகின்றன. இரவுக்கு இன்னும் வாரியத்தின் கம்பியைத்தான் நம்புகிறேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் தம்பி எழுந்து கேட்பார்.

அப்படியானால் நாளைக்கே எல்லா அனல் மின் நிலையத்தையும் பூட்டிவிடலாமா என்று அடுத்துக் கேட்பார்கள். அப்படி யாரும் சொல்லவில்லை. 1970இல் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையத்தை 2017இல் மூடினார்கள். நெய்வேலியின் முதல் அனல் மின் நிலையத்தை 2020இல் மூடினார்கள். வயதானவற்றை அப்படியே வரிசையாக ஓய்வுக்கு அனுப்பலாம். இருப்பவற்றுக்கு ஓட்டையில்லாத குழாயும் கந்தகம் பிடிக்கும் கருவியும் வைக்கலாம். புதிதாக ஒன்றைக் கட்டுவதற்கு முன் அந்த ஊர்க்காரர்களை உட்காரவைத்துக் கேட்கலாம்.

மணி அடித்துவிட்டார்கள், நடுவர் ஐயா எழுந்திருக்கும் முன் முடித்துக்கொள்கிறேன். எதிரணியில் மூன்றாவதாகப் பேசப்போகும் சகோதரி இன்னும் மேடையேறவில்லை. அவரிடம் ஒரே ஒரு கேள்வியை வைத்துவிட்டு அமர்கிறேன். 2015இல் வைக்கச் சொன்ன கருவியை வைக்க இரண்டு ஆண்டு போதும் என்றார்கள், பத்து ஆண்டு ஆனபின் வேண்டாம் என்றார்கள். அந்தப் பத்து ஆண்டில் மிச்சமான பணம் எதிரணி சொன்ன ஏழையின் கரண்டு பில்லில் எத்தனை ரூபாயைக் குறைத்தது என்பதை அவர் இந்த அவைக்குச் சொல்ல வேண்டும். நன்றி, வணக்கம்.